ஐஸ்காரன் மரியாதையாகப் பேசிய கோடை

"சாப்பாடு நல்லா இருக்கும்மா" என்று ஐஸ்காரன் சொன்னதும் அவன் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

கரண்டி விழுந்த சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று ஒரு மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அங்கே விக்கல் எடுத்தால் இங்கே நான் தண்ணீர் குடிப்பேன். அப்படிப்பட்ட சுவர்.

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன். நீயும் உக்காந்து சாப்பிடு. காலையிலேருந்து வேலை செஞ்சிருப்ப."

தட்டைக்கூட அவள் கழுவவில்லை. சற்று நேரத்தில் என் கதவைத் தட்டினாள். தையல் கடைகளுக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுப்பவள் அவள். சட்டையில் பொத்தான் நுழையும் ஓட்டைக்கு ஊசிவேலை. அதனால் தெருவுக்கே காஜாக்காரம்மா. கட்டை விரலில் நூல் சுற்றியபடியே வந்து நின்றாள்.

"அண்ணே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தங்கச்சி."

"நேத்து காலையில துண்டு எடுத்துக் குடுத்தேன். 'குடுத்துட்டியா, சரிம்மா'ன்னாரு. தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன். இன்னைக்கு இப்படிச் சொல்றாரு. எனக்குக் கை காலெல்லாம் உதறுதுண்ணே."

ஒரு கணவன் மனைவியின் சமையலைப் பாராட்டியதற்கு இரண்டு பேர் கதவோரம் நின்று நடுங்கினோம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஐஸ்காரனின் வாயைக் கேட்டதில்லை.

அவனுக்கு வேலை ஐஸ் தொழிற்சாலையில். ஊரே வெயிலில் அப்பளமாய்ப் பொரியும்போது அவன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தோளில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலை பார்ப்பான். கால்களுக்குக் கீழே பலகை. பலகைக்குக் கீழே பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதற்குள் ஆள் உயரத் தகர அச்சுகள் வரிசையாக நிற்கும். அச்சில் நல்ல தண்ணீர். அம்மோனியா ஓடும் குழாய்கள் உப்புத்தண்ணீரைக் குளிரவைக்க, உப்புத்தண்ணீர் நல்ல தண்ணீரை உறையவைக்கும். உறைகிற வரைக்கும் அச்சின் நடுவில் மெல்லிய குழாய் ஒன்றை விட்டுக் காற்றைக் குமிழியிட வைக்க வேண்டும். குழாயைச் சரியான பதத்தில் உருவவேண்டும். முந்தினால் கட்டியின் நடுவில் வெள்ளை விழுந்துவிடும். பிந்தினால் குழாய் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெள்ளை விழாத கட்டி கண்ணாடி. அந்தப் பக்கம் நிற்பவனின் மீசையில் எத்தனை நரை என்று இந்தப் பக்கமிருந்து எண்ணலாம்.

ஐஸ்காரன் உருவிய கட்டியில் வெள்ளை விழுந்து நான் பார்த்ததில்லை. அவன் திட்டுகிற பயத்தில்தான் தண்ணீர் இறுகுகிறது என்று மற்ற வேலையாட்கள் சொல்வார்கள். ஒரு முறை கரண்டு போய் இயந்திரம் நின்றுவிட்டது. அவன் தொட்டியின் மேல் நின்றுகொண்டு கரண்டு ஆபீஸில் ஆரம்பித்து, அணைக்கட்டு, ஆறு, மழை என்று மேலே மேலே ஏறி, கடைசியில் மேகத்தின் பிறப்பையே சந்தேகித்துப் பேசினான். அன்றைக்குக் கரண்டு வரவேயில்லை. ஆனால் எல்லா அச்சும் உறைந்தே வந்தன. நான் கண்ணால் பார்த்தவன். பாதிதான் உண்மை என்பவர்கள் பாதிதான் பார்த்தவர்கள்.

வீட்டிலும் அதே வாய்தான். சோறு குழைந்தால் ஒரு திட்டு, குழையாவிட்டால் ஒரு திட்டு. மகள் பிறந்த அன்று துணிக்குள் இருந்த முகத்தைப் பார்த்து, "மூஞ்சியப் பாரு, ராட்சசி, வர்றப்பவே மொறைக்கிறா" என்றான். சொல்லும்போது தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மகளைக் கட்டிக் கொடுத்து வெளியூருக்கு அனுப்பிய பின் ஒருநாள் விடாமல் போன் பண்ணித் திட்டுவான். என்னை அவன் "யோவ் பெருசு, இன்னும் டிக்கெட் வாங்கலியா?" என்றுதான் விசாரிப்பான். நானும் "உனக்கும் சேத்து வாங்கணும்ல, வரிசையில நிக்கிறேன்" என்பேன். எங்களுக்குள் அதுதான் காலை வணக்கம்.

இந்த வாயின் அருமை தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார். எங்கள் டாக்டர்.

பழைய ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு திரை, நோயாளிக்கு ஒரு நாற்காலி. நாற்காலியின் ஒரு கால் கட்டை. அதற்கு அடியில் மருந்து அட்டையை மடித்து வைத்திருப்பார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே வந்திருப்பது யார், எந்தப் பக்கம் வலி என்று அவருக்குப் பாதி தெரிந்துவிடும். மீதியைச் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். தெருமுனையில் ஒருவன் இருமினால், "அது நம்ம பெயிண்டர் இருமல், காலையில வரச் சொல்லு" என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். அவருக்கு அதில் மாயம் ஒன்றும் கிடையாது. அந்தப் பெயிண்டரைப் பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஐஸ்காரன் வீட்டுக்கு மட்டும் அவர் தனிச்சட்டம் ஒன்று போட்டிருந்தார்.

"உன் வியாதிய நீ சொல்லக்கூடாது. அவ சொல்லணும். அவ வியாதிய நீ சொல்லு."

"யோவ் டாக்டர், என் வயித்து வலி அவளுக்கு எப்படித் தெரியும்?"

"உன்னவிட நல்லாத் தெரியும். நீ பொய் சொல்லுவ. நெருப்புப் பிடிச்சாக்கூட லேசா சூடா இருக்கும்ப. அவ பேன் கடிச்சா பாம்பு கடிச்சுதும்பா. ரெண்டையும் மாத்தி வெச்சாத்தான் எனக்குக் கணக்கு வரும்."

அவன் வந்ததும் அந்த நாற்காலியைத் திட்டாமல் உட்கார மாட்டான். "இத வெறகுக்குப் போடுய்யா. நோவோட வர்றவன் முட்டி பேந்து போகணும்னு வெச்சிருக்கியா, தொழில் தந்திரமா?" டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு கேட்பார். அவன் திட்டி முடிப்பதற்குள் பரிசோதனை முடிந்துவிடும்.

ஒருநாள் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தான். நானும் அன்று என் மூச்சிரைப்புக்காக அங்கே உட்கார்ந்திருந்தேன். அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, "வசதியா இருக்குங்க டாக்டர்" என்றான். டாக்டர் அவனைத் தொடவில்லை. குழாயைக் காதில் மாட்டவில்லை. எழுந்து நேரே தெருவுக்குப் போய் டாக்ஸியை நிறுத்தினார். உள்ளே குடல்வால் வெடிக்கக் காத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மேஜையில் கிடத்தும்போதே வெடித்தது. வயிற்றைத் தைத்து அனுப்பினார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் நர்ஸைத் திட்டினான் என்று கேள்விப்பட்டுக் காஜாக்காரம்மா அழுத அழுகையை ஊரே பார்த்தது.

அன்றைக்கு டாக்டர் அவளிடம் சொன்னார்: "ஞாபகம் வெச்சுக்கோ. இவன் உடம்புக்குள்ள ஆபத்து வந்தா முதல்ல அடங்குறது வாய். மரியாதையாப் பேச ஆரம்பிச்சா, உடனே கூட்டிட்டு வந்துரு. நீ நேர் எதிர். நீ புலம்புற வரைக்கும் எனக்குக் கவலையில்ல. என்னைக்காவது ஒண்ணுமில்லன்னு சொன்னியோ, எனக்கு வயித்தக் கலக்கும்."

இதெல்லாம் நடந்து வெகுகாலம். பிறகு டாக்டருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் ஏதோ அழுத்தம் என்றார்கள். கடைசியில் சுத்தமாகப் போய்விட்டது. மகன் வந்து தன்னோடு ஊரின் மறு கோடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அந்த அறையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

அதற்குப் பதிலாக மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கிளினிக் வந்தது. ஏசி உண்டு, டோக்கன் உண்டு, டாக்டரும் உண்டு. ஒரே டாக்டர்தான் இல்லை. போகும்போதெல்லாம் வேறு ஒருவர் இருப்பார். படித்துவிட்டு மேல்படிப்புக்குப் போகிற வழியில் கொஞ்சம் இறங்கி நிற்கிற பிள்ளைகள்.

சாப்பாடு நல்லா இருக்கு என்று சொன்ன மறுநாள் அவனை அங்கேதான் அழைத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். உள்ளே இருந்தது ஒரு பெண் பிள்ளை. சிரித்த முகம்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"இவருக்கும்மா. ரெண்டு நாளா..."

"இருங்கம்மா. அவரே சொல்லட்டும். பேஷண்ட் வாயால கேக்கணும்."

ஐஸ்காரன் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தான். "எனக்கு ஒண்ணும் இல்லங்கம்மா. முதுகுல லேசா ஒரு பிடிப்பு. பாவம், காலையிலேருந்து எவ்வளவு பேரப் பாக்குறீங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்றைக்கு வந்தவர்களில் ஒருவன்கூட அதைக் கேட்டிருக்க மாட்டான்.

"டாக்டர், இவரு நல்லாப் பேசுறாரு" என்றாள் காஜாக்காரம்மா.

"ஆமாம்மா. ரொம்ப நல்லாப் பேசுறாரு."

"அதான் டாக்டர், வியாதியே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். காஜாக்காரம்மாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "நீங்க ராத்திரி சரியாத் தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டாள். இவள் அதற்குள் நெஞ்சு படபடக்குது, தலை கிறுகிறுங்குது, உள்ளங்கால் எரியுது என்று ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அவனுக்கு முதுகில் தடவ ஒரு களிம்பும், இவளுக்குத் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். நான் குறுக்கே வாயைத் திறந்தேன். வெளியே உட்காரச் சொன்னார்கள்.

அடுத்த முறை கண்ணாடி போட்ட ஒரு பையன். ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை இருக்கிறது என்றான். "இந்த வயசுல வர்றதுதான், பயப்படாதீங்க" என்று மாத்திரை கொடுத்தான். அதற்கடுத்த முறை உயரமான ஒருவர். வயிறு மந்தமாக இருக்கிறது என்றதற்கு, வாயு என்றார். பிறகு ஒருவர் அவனை எடை மெஷினில் ஏற்றி, முள்ளைப் பார்த்துவிட்டு, "உங்க உயரத்துக்குக் கச்சிதமான வெயிட். இப்படியே வெச்சுக்கோங்க" என்றார்.

ஐஸ்காரன் பீரோ மாதிரி இருந்தவன். அச்சு ஏற்றும் கிரேன் பழுதானால் அவன்தான் கிரேன். கச்சிதமாக இருப்பதற்கு அவன் உடம்பில் பாதி எங்கேயோ போயிருக்க வேண்டும். அந்த டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பார்த்தது மீதியை மட்டும்தானே.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர்கூட அலட்சியமாக இல்லை. முகம் பார்த்துத்தான் பேசினார்கள். ஒவ்வொருவரும் முதல் பக்கத்தைக் கவனமாகத்தான் படித்தார்கள். அவர்கள் கையில் கிடைத்த புத்தகம் முழுக்க முதல் பக்கமாகவே இருந்தது.

"போன தடவை வந்த டாக்டரம்மா இல்லீங்களா?" என்று காஜாக்காரம்மா டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் கேட்பாள்.

"யாரும்மா?"

"சிரிச்சாப்புல இருப்பாங்க."

"எல்லாருமே சிரிச்சாப்புலதாம்மா இருப்பாங்க. கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏத்தியிருக்கோம், கவலைப்படாதீங்க."

"இவரு எப்படிப் பேசுவாருன்னு ஏத்தியிருக்கா?"

"அடுத்தது யாருங்க?"

கோடை முற்றியது. தார்ச்சாலை இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. தொழிற்சாலையில் ராப்பகலாக ஐஸ் ஓடுகிற காலம். மீன் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நான் ஒரு நாள் அங்கே போனேன். அவன் பதம் வருமுன்னே குழாயை உருவிப் போட்டுவிட்டுப் பலகையின் மேல் உட்கார்ந்திருந்தான். கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் தங்கமா மாறிட்டாரு பெருசு. நேத்து ஒரு கட்டியப் போட்டு ஒடச்சுட்டேன். 'கையில படலியே தம்பி'ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றான் அவர்களில் ஒருவன்.

"வெள்ளை விழுதாடா?"

"விழுது. இப்பல்லாம் எல்லாத்துலயும் விழுது. முதலாளிகூட ஒண்ணும் சொல்றதில்ல. ஆளு இவ்வளவு மரியாதையா இருக்கும்போது எப்படிக் கேக்குறதுங்கிறாரு."

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண் எரிந்தது, அங்கே எப்போதும் அம்மோனியா நெடி.

"டிக்கெட் வாங்கிட்டியா?" என்றேன்.

"வாங்கண்ணே" என்றான் அவன். "வெயில்ல வந்திருக்கீங்களே. தண்ணி குடிக்கிறீங்களா?"

என்னை அவன் அண்ணே என்றது அதுதான் முதல் தடவை. எழுந்து வந்துவிட்டேன்.

மகள் போன் பண்ணி அம்மாவிடம் ஒரே சந்தோஷம். "அப்பா எங்கிட்ட 'கண்ணு, உடம்பப் பாத்துக்கோ'ன்னாரும்மா. இத்தனை வருஷத்துல மொத தடவை. நான் போன வெச்சுட்டு அழுதுட்டேன்." காஜாக்காரம்மா இந்தப் பக்கம் போனை வைத்துவிட்டு வேறு விதமாக அழுதாள். சுவர் வழியாகக் கேட்டேன். அதன் பிறகு அவள் ஊசியின் சத்தம்கூடக் கேட்டது. ஊசிக்குச் சத்தம் கிடையாது என்பார்கள், என் சுவரின் பெருமை அவர்களுக்குத் தெரியாது.

"அண்ணே, நம்ம டாக்டரப் போய்ப் பாத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கண்ணு தெரியாதே தங்கச்சி."

"கண்ணு தெரியிற இத்தனை பேரப் பாத்தாச்சே."

இரண்டு பஸ் மாறிப் போனோம். ஐஸ்காரன் கண்டக்டருக்கு வணக்கம் சொன்னான். இறங்கும்போது டிரைவரிடம், "நல்லா ஓட்டுனீங்க" என்றான். டிரைவர் கிண்டல் என்று நினைத்து முறைத்தார். காஜாக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

உயரமான கட்டடம். லிப்டில் ஏறிப் போனால் மருமகள் கதவைத் திறந்தாள். ஜன்னலோரம், கறுப்புக் கண்ணாடியோடு, பிரம்பு நாற்காலியில் டாக்டர். நாங்கள் செருப்பைக் கழற்றினோம்.

"மூணு பேரு" என்றார் அவர். "ஒண்ணு நம்ம மூச்சிரைப்பு. ஒண்ணு காஜா. மூணாவது யாரு?"

ஐஸ்காரன் குனிந்து எங்கள் செருப்புகளைச் சுவரோரம் ஒழுங்காக நகர்த்தி வைத்தான்.

"எப்படி இருக்க?" என்று அவளைக் கேட்டார்.

"எங்க டாக்டர், செத்துக்கிட்டிருக்கேன். முட்டி ரெண்டும் விட்டுப்போச்சு. காதுல ரயில் ஓடுது. நெஞ்செரிச்சல்ல சோறு எறங்க மாட்டேங்குது."

"சரி, நல்லா இருக்க. எங்க அவன்? வாயக் காணோமே."

ஐஸ்காரன் முன்னால் வந்து கை கூப்பினான், கண் தெரியாதவருக்கு. "வணக்கங்க டாக்டர். சௌகரியமா இருக்கீங்களா? உங்களத் தொந்தரவு பண்ணிட்டோம்."

நாற்காலியின் பிரம்புக் கையைத் தட்டிக்கொண்டிருந்த டாக்டரின் விரல் நின்றது.

"எப்பலேருந்து?" என்று கேட்டார். கேட்டது அவனை இல்லை, அவளை.

"வெயில் ஆரம்பிச்சதுலேருந்து டாக்டர். ஐஸ்லகூட வெள்ளை விழுதாம்."

"கிட்ட வா."

அவன் போய்த் தரையில் உட்கார்ந்தான். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார். அங்கிருந்து கை ஊர்ந்து தோளுக்குப் போனது, தோளிலிருந்து கழுத்தெலும்புக்கு. அந்தக் குழியில் விரல் இறங்கி நின்றது. "இவன் உடம்பு எங்கம்மா போச்சு?" என்றார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "ஜன்னல் வெளிச்சத்துல இவன் கண்ணப் பாரு. வெள்ளையா இருக்கா?"

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "லேசா மஞ்சளா இருக்கு மாமா."

எங்கள் வீடுகளில் எரிவது மஞ்சள் பல்பு. அதன் கீழே எல்லாருமே மஞ்சள்தான்.

டாக்டர் குரலை மாற்றிக்கொண்டு, "ஏன்டா, உன் ஐஸ்ல வெள்ளை விழுதாமே. ஊரே சிரிக்குது. கை கெட்டுப்போச்சா உனக்கு?" என்றார்.

இதை முன்பு யாராவது கேட்டிருந்தால் அந்தக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகள் தாங்கியிருக்காது.

"வயசாயிடுச்சுங்களே டாக்டர்" என்றான் ஐஸ்காரன், சிரித்துக்கொண்டே.

டாக்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே அவருக்கு என்ன தெரியப்போகிறது?

"வீட்டுக்குப் போகாதீங்க" என்றார். "இங்கேருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் போன் போட்டுச் சொல்றேன். இவன் சொல்றத எதையும் நம்பாதீங்கன்னு சொல்றேன்." பிறகு தணிந்த குரலில், "முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார்.

"உங்களுக்குக் கண்ணு இல்லியேன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"கண்ணு எதுக்கு? இவனப் பாத்தா நான் வைத்தியம் பண்ணேன்?"

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா இயந்திரத்துக்குள்ளும் அவனை அனுப்பி எடுத்தார்கள். அவன் ஒவ்வொரு இயந்திரத்தை விட்டு வெளியே வரும்போதும் அதை இயக்கியவருக்கு நன்றி சொன்னான். கணையத்தில் ஆரம்பித்திருக்கிறது, ஈரலுக்கும் போய்விட்டது என்றார் அங்கிருந்த டாக்டர். படத்தைக் காட்டினார். கறுப்புக் கட்டியின் நடுவில் வெள்ளை விழுந்தது போல இருந்தது எனக்கு.

"கொஞ்ச மாசம் முன்னாடி வந்திருந்தா எதாவது பண்ணியிருக்கலாம்."

"வந்தோமே டாக்டர்" என்றாள் காஜாக்காரம்மா. "வந்துக்கிட்டேதான் இருந்தோம்."

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கட்டிலை ஜன்னலோரம் போட்டாள். அவன் படுத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் காஜா எடுத்துக்கொண்டே காதில் ரயில் ஓடுவதையும் முட்டி விட்டுப்போனதையும் அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். "ஐயோ பாவம்" என்பான். முன்பெல்லாம், "அந்த ரயில்ல ஏறிப் போய்த் தொலையேன்" என்பது வழக்கம். அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பதில் வரவில்லை.

பிறகு வேண்டுமென்றே தப்பு செய்ய ஆரம்பித்தாள். கஞ்சியில் உப்பு போட மாட்டாள். நல்லா இருக்கும்மா. உப்பை அள்ளிப் போட்டாள். நல்லா இருக்கும்மா. தலையணையைக் கோணலாக வைத்தாள், காப்பியை ஆறவிட்டுக் கொடுத்தாள், அவனுடைய ரப்பர் பூட்ஸைக் குப்பைக்காரனிடம் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னாள். "போகட்டும்மா, இனிமே எதுக்கு" என்றான்.

ஒரு பகல் பொழுது. வெயில் சுவரில் சுட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன்.

"என்னங்க, ஒரே ஒரு தடவை என்னத் திட்டுங்க."

"எதுக்கும்மா?"

"எதுக்கோ. வாய்க்கு வந்தபடி திட்டுங்க. நீங்க திட்டிட்டா எனக்குத் தைரியம் வந்துரும்."

நான் சுவரில் காதை வைத்தேன். அவன் தொண்டையைச் செருமினான். தொட்டியின் மேல் நின்று மேகத்தையே இழுத்து நிறுத்திய தொண்டை.

"அடியே மூதேவி" என்றான். குரல் கஞ்சி மாதிரி இருந்தது. "என்னடி கஞ்சி இது. மாட்டுக்கு வெச்சா மாடு கேஸ் போடும்."

அவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"போதுமாம்மா?" என்று கேட்டான் அவன். "சரியாத் திட்டுனேனா?"

"சரியாத் திட்டுனீங்க" என்றாள் அவள்.

மழை வருவதற்கு முன்னால் போய்விட்டான். மகள் வந்து சேரும் வரை கிடத்தி வைப்பதற்குத் தொழிற்சாலையிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார்கள். மரத்தூளைத் தட்டி, சாக்கை உருவி, சுற்றி அடுக்கினார்கள். ஒவ்வொரு கட்டியிலும் நடுவில் வெள்ளை. நல்ல தடிமனாக, சுண்ணாம்பு மாதிரி. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நடுவில் படுத்திருந்தான்.

இப்போது மழைக்காலம் பாதி போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. முதலில் துக்கம் என்று நினைத்தேன். துக்கத்துக்கும் ஒரு சத்தம் உண்டே. இரண்டொரு முறை வாசலில் பார்த்து, "முட்டி எப்படி இருக்கு தங்கச்சி?" என்று கேட்டேன்.

"பரவால்லண்ணே."

"காதுல ரயிலு?"

"அதெல்லாம் இல்லண்ணே. ஒண்ணுமில்ல."

அன்று இரவு, டாக்டர் அவளிடம் சொல்லிவைத்தது ஞாபகம் வந்தது. டாக்டரின் மருமகளுக்குப் போன் பண்ணினேன். அவர் போன மாதமே போய்விட்டார் என்றாள். தூக்கத்திலேயே, கஷ்டப்படாமல், என்றாள்.

மறுநாள் காஜாக்காரம்மாவை வற்புறுத்திக் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவள் உள்ளே போய், எனக்கு வெளியே நாற்காலி சூடாவதற்குள் திரும்பி வந்தாள்.

"என்ன கேட்டாரு?"

"என்ன செய்யுதுன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னேன். ரொம்ப சந்தோஷம்மா, எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா நல்லா இருக்கும்னாரு."

அவளை உட்கார வைத்துவிட்டு நானே ஒரு டோக்கன் வாங்கி உள்ளே போனேன். புதுப் பையன், சட்டையில் மடிப்புகூடக் கலையவில்லை. சிரித்த முகம்தான்.

"தம்பி, இப்ப வந்துட்டுப் போனாங்களே ஒரு அம்மா. அவங்க ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க."

"ஆமாங்க ஐயா. நல்ல விஷயம்தானே?"

"அவங்க அப்படிச் சொல்ற ஆளு இல்ல தம்பி."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வீடு."

அவன் தலையசைத்தான். புரிந்துகொண்டவன் மாதிரி இருந்தது. "சரிங்கய்யா. கைய நீட்டுங்க" என்றான். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்: ஐஸ், வாய், கரண்டி, நாற்காலி. அவன் என் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, என்னைப் பேச வேண்டாம் என்று சைகை காட்டி, குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பிரமாதம் ஐயா. இந்த வயசுல இப்படி ஒரு பிரஷர் நான் பாத்ததே இல்ல" என்று பாராட்டினான்.

வெளியே வந்தேன். காஜாக்காரம்மா என் குடையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"என்னண்ணே சொன்னாரு?"

"பாராட்டுனாரு தங்கச்சி."

குடையை வாங்கிக்கொண்டேன். வயிற்றைக் கலக்கியது.